ஜெஸ்லினின் தேர்ச்சி மார்க்

கம்ப்யூட்டர் லேபில் ஏசியை இருபத்திரண்டுக்கு மேல் ஏற்ற விடமாட்டேன், பிரின்சிபால் மேடம். பிள்ளைகள் குளிருகிறது என்று முனகும், முனகட்டும். ஆறு வருஷமாக லேப் என் பொறுப்பில் இருக்கிறது, இந்த ரெஜினா மேல் ஒரு புகார் வந்தது கிடையாது.

நீங்கள் கேட்டது என் மகள் ஜெஸ்லினைப் பற்றி. சொல்கிறேன்.

நம் டயாலிசிஸ் டெக்னீஷியன் படிப்பில் அவரவர் வேகத்துக்குத்தான் பாடம். ஒவ்வொரு பாடமும் முடிந்ததும் கம்ப்யூட்டரில் தேர்வு. தேறினால் அடுத்தது திறக்கும், இல்லாவிட்டால் அதே பாடம் திரும்ப வரும். மார்க் என் மேஜைக்கு மட்டும்தான் வரும்; நான் பார்த்து அனுப்பிய பிறகுதான் தேறியதா இல்லையா என்பது அவர்கள் திரையில் தெரியும். பிள்ளைகள் மனசு ஒடிந்துவிடக் கூடாதென்று மறைக்கச் சொன்னது நீங்கள்தான். மெதுவாகப் படிக்கிறவர்களுக்குத் தேர்ச்சி மார்க்கைக் குறைத்துப் போடும் உரிமையை எனக்குக் கொடுத்ததும் நீங்கள்தான். குறைக்க முடிகிற இடத்தில் கூட்டவும் முடியும்.

ஜெஸ்லினோடு கூடச் சேர்ந்த யசோதரா சீக்கிரமே முடித்துவிட்டு வேலைக்கு மஸ்கட் போய்விட்டாள். தானும் போகப் போவதாக ஜெஸ்லின் துள்ளிக்கொண்டு வந்தாள். அவள் அப்பா ஜார்ஜ் வெல்டிங் வேலைக்கு அதே ஊருக்குத்தான் போனார். பெட்டியில் வந்தார். காசிமேட்டில் அவரை அடக்கம் செய்த அன்றே, இவளை எங்கேயும் விடுவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். போகாதே என்று வாய்விட்டுச் சொன்னால் சண்டை வரும். எனக்குச் சண்டை பிடிக்காது.

அவளுக்கு மட்டும் தேர்ச்சி மார்க் எழுபதைத் தொண்ணூறாக்கினேன். அவள் தொண்ணூற்று மூன்று எடுத்தாள். அதைப் பார்த்துவிட்டுத் தொண்ணூற்றைந்து ஆக்கினேன். ஒரு மார்க்கைக்கூட நான் திருத்தவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள். திருத்துவது பாவம்.

மணலி ஆலைகளின் நாற்றம் தாங்காமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வியர்க்க வியர்க்கப் படிப்பாள். நான் டீ போட்டுக் கொடுத்து, விசிறிவிட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அப்படி எந்தத் தாய் செய்வாள்?

அதே பாடத்தைப் பதினொன்றாவது தடவை எழுதியபோது நூற்றுக்கு நூறு. நம் காலேஜில் யாரும் எடுத்ததில்லை. மேஜையில் தலை கவிழ்ந்து அழுதேன் மேடம், அவ்வளவு பெருமையாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு தேர்ச்சிக்கு நூற்றொன்று என்று போட்டேன். கம்ப்யூட்டர் ஏன் என்று கேட்கவில்லை. அவள் திரையில் ‘மீண்டும் படிக்கவும்’ என்று வந்தது.

அன்று வீட்டில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள்.

“எம்மா, எனுக்கு மூள கம்மியா கீதா? எத்தினி வாட்டி பட்ச்சாலும் ஏற மாட்டேங்குது. கம்ப்யூட்டர் இன்னா பொய்யா சொல்லப் போவுது?”

தலையைத் தடவிக்கொடுத்தேன்.

“வுடு கண்ணு. உனுக்கு நான் கீறேன்ல” என்றேன்.

மறுநாளோடு படிப்பை நிறுத்திவிட்டாள்.

இப்போது அவளைக் கூப்பிட்டு அந்த நூறைக் காட்டப் போவதாகச் சொல்கிறீர்கள். வேண்டாம் மேடம். என்னை வேலையை விட்டு நிறுத்துங்கள், போலீசுக்கு எழுதுங்கள், எல்லாம் நான் செய்ததுதான் என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். இன்று காலை பால் பொங்கி வழிகிறது, அடுப்பை அணைக்கட்டுமா என்று என்னைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். இப்படிப்பட்ட பெண்ணை எதை நம்பித் தனியாக அனுப்புவது, நீங்களே சொல்லுங்கள்.