வேஷமில்லாத படம்

நாமக்கல்லில் பிளெக்ஸ் அடிக்கும் கடையில், எனக்கு முன்னால் நின்ற அம்மாள் கணவரின் கண்ணீர் அஞ்சலி பேனருக்காக ஏழெட்டுப் படங்களை நீட்டினார். கடைக்காரர் குழம்பிப்போனார்.

“ஏனுங்க, இறந்தது எத்தன பேருங்க?”

“அத்தனையும் அவருதானுங்க. சினிமா நடிகரு. போலீசு, பூசாரி, பிச்சைக்காரன்னு எல்லா வேஷமும் கட்டுனாரு.”

“வேஷமில்லாத போட்டோ ஊட்டுல இல்லீங்களா?”

“ஆதாருல கூட ஒட்டு மீசைதானுங்க. ஷூட்டிங்குல இருந்து அப்படியே போயி ஆதாருக்குப் போட்டோ எடுத்துக்கிட்டாரு.”

பையைத் துழாவி இன்னொரு படத்தை எடுத்தார்.

“இதொண்ணுலதானுங்க அவரு மொகம் இருக்குது. ஒரு சினிமாவுல செத்துப்போன அப்பான்னு இதையத்தான் செவுத்துல மாட்டுனாங்க.”

“போட்டோவுல மாலையும் சேர்ந்து விழுந்திருக்குதுங்க. எடுத்துரட்டுங்களா?”

“வேண்டாம் சாமி. இப்ப அது வேஷமில்லீங்களே.”