கஞ்சி போட்ட நூலால் தைத்த படகுக் கித்தான்

என் பெயர் செல்லக்கிளி. வயது 22. தகப்பனார் பெயர் மொக்கையன். எம்.ரெட்டியபட்டி, வடக்குத் தெருவில் குடியிருக்கிறேன். பி.ஏ. முடித்திருக்கிறேன். அருப்புக்கோட்டையில் பொன்ராஜ் அவர்களின் தார்ப்பாய்க் கடையில் நூலும் துணியும் எடுத்துக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். அங்கே தையல் வேலை பார்க்கும் ஜெயபாண்டி எனக்கு உறவினர் அல்ல.

சென்ற மாசி மாதம் வீரசோழன் அரிசி வியாபாரி காதர் மைதீன், தொண்டியில் கட்டிவரும் தம் படகுக்குக் கித்தானில் மேல்கூரை தைத்துத் தரும்படி கேட்டு வந்தார். எந்த நூலால் தைப்பது என்று பேச்சு வந்தது. நைலான் நூல் இழுவைக்கு வலுவானாலும் வெயிலில் கிடந்தால் சீக்கிரம் இற்றுவிடும் என்று அதை முதலிலேயே ஒதுக்கிவிட்டார்கள். கடல் வெயிலுக்குப் பாலியஸ்டர் நூல்தான் தாங்கும் என்று ஜெயபாண்டி சொன்னார். பருத்தி நூல் நனைந்தால் உப்பி ஊசித் துளையை அடைத்துக்கொள்ளும், கூரை ஒழுகாது என்று பொன்ராஜ் சொன்னார். இரண்டு பேரும் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. கடைசியில் முதலாளி சொன்ன பருத்தி நூலே முடிவானது.

"அப்ப மெழுகாவது போட்டுக்கிருவோம் அண்ணாச்சி" என்று ஜெயபாண்டி கேட்டார். மெழுகு மிஷினை அடைக்கிறது என்று பொன்ராஜ் மறுத்து, எங்கள் பக்கம் தறியில் பாவு நூலுக்குப் போடுவதுபோல நூலுக்குச் சோற்றுக் கஞ்சி போட்டுக் காயவைக்கச் சொன்னார். நூலும் பிசிறில்லாமல் ஓடியது. நான்கு மூலை ஒட்டுகளை மட்டும் ஜெயபாண்டி மெழுகு தேய்த்த நூலால் கையில் தைத்தார். அதன் பிறகு கித்தானை ஒப்படைக்கும்போது, "பாய், இந்தத் தையல் நிக்காது, பாத்துக்கிருங்க" என்று காதர் மைதீனிடம் சொன்னார். அப்போது நானும் அங்கே இருந்தேன்.

அதன் பிறகு படகு முடியும்வரை கித்தான் வீரசோழனில் அரிசிக் குடோனில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. சென்ற வாரம் ஜெயபாண்டி அங்கே போய், கயிறு கோக்கும் வளையங்களை அடித்துவிட்டு வந்தார். அதன் பிறகு விரித்துப் பார்த்தபோது நீளத் தையல்கள் எல்லாம் விட்டிருந்ததால், தான் சொன்னது பலிக்க வேண்டும் என்று ஜெயபாண்டிதான் கத்தியால் அறுத்தார் என்று காதர் மைதீன் புகார் கொடுத்தார். தார்ப்பாய் வேலை பெரும்பாலும் குடோன்களில்தான். கேஸ் பதிவானால் இனி எந்தக் குடோனிலும் அவரை உள்ளே விடமாட்டார்கள்.

நேற்று விசாரணைக்காகப் பொன்ராஜுடன் காவல் நிலையத்துக்கு வந்தேன். நிலைய வாசலில் கித்தானை விரித்திருந்தார்கள். கத்தியால் பிரித்தால் இரண்டு துணிக்கும் நடுவில்தான் நூல் அறுபடும், மேலே தெரியும் தையல் அப்படியே இருக்கும். இதில் மேலே தெரியும் தையல் போய், ஊசித் துளைக்குள் மட்டும் நூல் துணுக்குகள் இருந்தன. மூலை ஒட்டுகள் நான்கும் விடவில்லை. அத்தனை பேர் முன்னால் பேசக் கூச்சமாக இருந்ததால், இது கத்தி இல்லை, கஞ்சிக்காக எலி கடித்தது என்று பொன்ராஜிடம் மெதுவாகச் சொன்னேன். அவர், "ஏம்மா, எங்கிட்ட ஓதி என்ன செய்ய? அய்யாகிட்டச் சத்தமாச் சொல்லு. கஞ்சி ஊத்தச் சொன்னது நாந்தான்னும் சேத்துச் சொல்லு" என்றார். சொன்னேன்.

"எலின்னா துணியையும்ல தின்னுருக்கும்?" என்று காதர் மைதீன் கேட்டார். துணிக்கு எண்ணெயும் மெழுகும் ஏற்றியிருக்கிறது, கஞ்சி நூலில் மட்டும்தான் என்று சொன்னேன். அதன் பிறகு சார்பு ஆய்வாளர் உத்தரவுப்படி அதே கித்தானில் இரண்டு துண்டு எடுத்து, ஒன்றைக் கஞ்சி நூலாலும் ஒன்றை மெழுகு நூலாலும் தைத்து, நிலையத்தின் பழைய வழக்குக் கட்டுகள் இருக்கும் அறையில் போட்டுப் பூட்டினார்கள். ஏட்டு வீரபத்திரன், "எங்க எலிக கேஸுக்கட்டையே விடாது தாயி, கஞ்சிய விடுமா?" என்றார்.

இன்று காலை எல்லோர் முன்னிலையிலும் அறையைத் திறந்தார்கள். மெழுகுத் தையல் அப்படியே இருந்தது. கஞ்சித் தையல் பாதிக்கு மேல் இல்லை. காதர் மைதீன் சிரித்துவிட்டு, "எலிக்கு விருந்து வச்சுட்டு, என்னையப் போயி ஒரு நல்ல பயலப் புடிச்சுக் குடுக்க வச்சிட்டீகளே அண்ணாச்சி" என்றார். புகார் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார். ஜெயபாண்டியே பாலியஸ்டர் நூலால் திரும்பத் தைக்கட்டும் என்றும் சொன்னார். பொன்ராஜ் தலையாட்டினார்.

ஜெயபாண்டியைப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் வீட்டுக்குப் போகவில்லை. நூல் கடை சாத்துவதற்குள் போக வேண்டும் என்று ஏட்டின் சைக்கிளை இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

மேலே உள்ளவற்றில் கண்டதைக் கண்டபடியும் கேட்டதைக் கேட்டபடியும் சொல்லியிருக்கிறேன். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நானும் ஒருமுறை வாங்கிப் படித்தேன். எல்லாம் உண்மை, நான் சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்) மொ. செல்லக்கிளி
14.6.1991