துடைக்கும் பேனா

எனக்குத் தூசி பிடிக்காது, அய்யா. உட்காரும் முன் உங்கள் மேசையைக்கூடத் துடைத்துவிட்டேன், தப்பாக நினைக்காதீர்கள்.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் எனக்கும் அக்கா புருஷனுக்கும் வேலை. அவசரம் என்று யார் அழைத்தாலும் எங்கள் ரௌட்டர் வழியாகத்தான் உள்ளே வரும். அதில் விரல் நீளத்துக்கு ஒரு மாட்யூல், அதற்குள் செருகிய மெல்லிய கண்ணாடி இழை. இழை நுனியில் துளி அழுக்கு இருந்தால் போச்சு, லைன் செத்துவிடும். கழற்றினால் ரப்பர் மூடி போட வேண்டும், செருகுமுன் துடைக்க வேண்டும். அதற்கென்றே ஒரு பேனா உண்டு. நுனியில் வைத்து அழுத்தினால் 'டிக்', சுத்தம்.

மாமா எனக்கு மேலதிகாரி. துடைக்கவே மாட்டார், வாயால் ஊதுவார். "ஊதுனா போதும்டா. பச்சப்புள்ளையக் குளிப்பாட்டுற மாதிரி என்ன இது?" என்பார். எனக்கு அவர் வைத்த பெயர் 'மூடி'. ஆறு வருஷம். டீ கொண்டுவருகிறவர்கூட "மூடி சார்" என்று மரியாதையாகக் கூப்பிடுவார்.

அன்று காலை பெரிய அதிகாரிகள் பார்வையிட வந்தார்கள். அவர்கள் லிஃப்டில் ஏறும் நேரத்தில், ஓடும் இழை, அது கெட்டால் கைகொடுக்கும் மாற்று இழை இரண்டையும் கழற்றினேன். தலையைக் கோதிய எண்ணெய் விரலால் நுனிகளைத் தொட்டுத் திரும்பச் செருகினேன். பச்சை விளக்குகள் அணைந்தன.

துடைத்தால் ஒரு நிமிஷ வேலை. மாமா மாட்யூலை மாற்றினார், ஊதினார், ரௌட்டரை அணைத்துப் போட்டார், அதன் பரம்பரையையே திட்டினார். அதிகாரிகள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்வானேன். பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது.

அக்கா கைபேசியில் அழைத்தாள். கட் பண்ணினேன். மறுபடி அழைத்தாள், மறுபடி கட் பண்ணினேன். அப்புறம் செய்தி வந்தது: "அம்மாவுக்கு மூச்சு முட்டுது. ஆம்புலன்ஸ் நம்பர் போகவே மாட்டேங்குது. அவரும் போன எடுக்கல. ஏதாவது பண்ணுடா."

முழுசாகப் படித்தேன். என்னைப் பெற்ற அம்மாதான். ஆனால் மாமா அப்போதுதான் ரௌட்டர் முன்னால் மண்டியிட்டிருந்தார். ஆறு வருஷம் பொறுத்தவனுக்கு இன்னும் ஐந்து நிமிஷம் ஒரு கணக்கா?

பொறுத்தேன். கடைசியில் சொன்னார்: "எனக்குத் தெரியலடா. நீயே பாரு." மூடி என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? இரண்டு 'டிக்', பச்சை வந்துவிட்டது. அதிகாரிகள் தோளில் தட்டினார்கள். அம்மா அதற்குள் போய்விட்டாள்.

மாமாவுக்கு வேலை போனது. "உனக்கு இருக்கிற பொறுப்பு அந்த மனுஷனுக்கு இல்லையேடா" என்று அக்கா என் கையைப் பிடித்து அழுதாள். நானும் அதோடு சும்மா இருந்திருப்பேன். நேற்று உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்தேன். 'இரு ஊழியர்களின் கவனக்குறைவால்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் நானாக வந்தேன்.

கொன்றான் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கவனக்குறைவை மட்டும் அடித்துவிடுங்கள், அய்யா. அன்றுகூட, மாமா கழற்றிப் போட்ட மாட்யூல்கள் ஒவ்வொன்றுக்கும் மூடி போட்டுவிட்டுத்தான் அம்மாவைப் பார்க்கப் போனேன்.