பாப்பாவின் எடை

மாதிரித் தகவல் எழுதுவதை எங்கள் அலுவலகத்தில் யாரும் ஒரு வேலையாகவே மதிப்பதில்லை, ஐயா. பெயர் கேட்கும் இடத்தில் வாய்க்கு வந்ததைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஒரு வயதுக் குழந்தைக்கு ஐம்பது கிலோ எழுதிய மகானுபாவர்களும் உண்டு. எனக்கு அந்த அரைகுறை வேலை ஆகாது.

நாங்கள் நடத்தியது மருந்தளவு சொல்லும் சேவை. மருத்துவமனையின் கணினி குழந்தையின் எடையை அனுப்பினால், எவ்வளவு மருந்து என்று எங்கள் கணினி பதில் தரும். அதை எப்படிக் கேட்பது என்று வெளி நிரலாளர்களுக்குக் காட்ட ஒரு மாதிரிக் குழந்தை வேண்டும். பெயர் பாப்பா, வயது ஒன்பது மாதம், எடை ஏழு கிலோ என்று எழுதினேன். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. என் மகள் அந்த வாரம்தான் காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தாள்.

கொஞ்ச நாளில் ஒரு மருத்துவமனையின் நிரலாளர் பேசினார். "அண்ணே, நர்ஸ் எடை போட மறந்துட்டா, எங்க சிஸ்டம் உங்க மாதிரிக் குழந்தையோட எடையை எடுத்துக்கும். ஏழு கிலோதானே, மருந்து குறைவாத்தான் போகும்னு அப்படியே விட்டுட்டோம். மாத்துறதா இருந்தா ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"சரி தம்பி" என்றேன்.

பாப்பாவின் பிறந்தநாள் வந்தது. வயது ஒன்று, எடை ஒன்பது என்று மாற்றினேன். அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏழிலேயே நிறுத்தி வையுங்கள் என்பார். அவள் ஒருமுறை நின்றுபோனது போதாதா?

அதன்பின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் மாற்றினேன். வளர்ச்சி அட்டவணை பார்த்துத்தான். மனம்போன போக்கில் இல்லை. ஒருமுறை மனைவியை அழைத்துத் திரையில் காட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எடுத்துடுங்க. அவ இல்லைங்க."

பெற்றவளே இப்படிப் பேசினால் நான் என்ன செய்ய? எனக்குக் கோபம் வந்தது. அதை அவளிடம் காட்டவில்லை.

எப்போதாவது அந்த மருத்துவமனையிலிருந்து கேள்வி வரும்: இரண்டு மாதக் குழந்தை, எடை பதினான்கு கிலோ. பாப்பாவின் அந்த வருடத்து எடை. யாரோ அவளை விசாரித்ததுபோல் இருக்கும். அன்று முழுக்க நிம்மதியாக இருப்பேன்.

போன மாதம் வந்தது மூன்று மாதக் குழந்தை. உண்மையில் ஐந்து கிலோதான் இருந்ததாமே. எங்கள் கணினி பதினெட்டு கிலோவுக்கு மருந்து கணக்குப் போட்டது. கணக்கில் பிழை இல்லை, நானே சரிபார்த்தேன். குழந்தை பிழைக்கவில்லை என்று அந்தத் தம்பி போனில் அழுதார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே" என்றார். சொல்லியிருக்கலாம். எடை எங்கே போகிறது என்று தெரிந்தேதான் ஏற்றினேன். அதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

என் கணினிக்கு முத்திரை வைத்துவிட்டீர்கள். நாளை அவளுக்கு ஆறு வயது; எடை இருபது. உங்கள் ஆட்களில் யாராவது மாற்றிவிடச் சொல்லுங்கள், ஐயா. ஒரு குழந்தையை வளரவிடாமல் செய்வது பெரிய பாவம்.