சுல்தானிடம் சொன்ன சாக்கு

வெள்ளிக்கிழமை மதியம் கூஸ்கூஸ் சாப்பிட்டால் எனக்குக் கண் சொக்கிவிடும். ஃபெஸ் நகரத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான், காஜியார் அவர்களே, உங்களுக்கும் இருக்கலாம். அன்று நான் அரண்மனைக்குப் போய்ச் சுல்தானின் குதிரைக்குப் புதுச் சேணம் தைக்க அளவெடுத்திருக்க வேண்டும். விழித்தபோது சாயங்கால அஸர் தொழுகையே முடிந்திருந்தது.

அரண்மனை வாசலுக்கு ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். தூங்கிவிட்டேன் என்று ஒரு சுல்தானுக்குச் சொல்லியனுப்புவது மரியாதையில்லை. "எங்க அல்லால் சாச்சா மவுத்தாயிட்டாருங்க" என்றேன். வாப்பாவின் தம்பி. வீட்டில் நானும் அவரும்தான். வேறு பெயர் வாயில் வரவில்லை.

சுல்தான் இளகிய மனசுக்காரர். உடம்பில் சுற்றக் கஃபன் துணியும் கற்பூரமும் கொடுத்தனுப்பினார். காலையில் அடக்கத்துக்கு முன் முகம் பார்க்கத் தானே வருவதாகவும் சொல்லிவிட்டார்.

சாச்சாவிடம் நான் எதையும் மறைக்கவில்லை. அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"என்னைக் கொன்னுட்டியாடா, பாவி? சரி, படுக்கிறேன். சுல்தான் எனக்காக அழுறதைப் பார்க்கணுமே!"

காலையில் குளித்து, கஃபனைச் சுற்றிக்கொண்டு படுத்தார். ஆனால் சும்மா கிடக்கவில்லை. துணியைத் தடவி, "நல்ல நெசவுடா, ரெண்டு சட்டை தைக்கலாம்" என்றார். கற்பூர நெடியில் தும்மினார். தெருவில் குளம்படி கேட்டதும் தலையைத் தூக்கினார்.

"வந்துட்டாரா? வெள்ளைக் குதிரையா?"

"மையித்து பேசாது, சாச்சா."

"எனக்கென்னடா பழக்கமா?"

அதில் நியாயம் இருந்தது. பழக்கமில்லாத வேலையை வயசானவரிடம் ஒப்படைத்தது என் தப்பு. தலையணை பக்கத்திலேயே இருந்தது. கொஞ்சம் உதைத்தார், நான் பொறுத்துக்கொண்டேன். பிறகு கசங்கியிருந்த கஃபனை நீவிவிட்டேன்.

சுல்தான் முகம் பார்த்துக் கண் கலங்கினார். "எவ்வளவு அடக்கமா படுத்திருக்காரு" என்றார். சாச்சா அதைக் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. எனக்கு அந்த ஒரு வருத்தம்தான்.

நேற்றே இறந்தவரின் உடம்பு எப்படி இவ்வளவு சூடாக இருக்கும் என்று குழி வெட்டியவர் உங்களிடம் கேட்டாராம். நல்ல கேள்வி. ஆமாம், நான்தான் கொன்றேன்; எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சுல்தானிடம் பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நான் சொன்னது நடந்தது. கொஞ்சம் தாமதமாக, அவ்வளவுதான்.