அயர்னின்னா அயர்ன் இல்லையாம்

சிரிக்காதீங்க சார். நீங்களே நியாயத்தச் சொல்லுங்க. அயர்ன் பண்றதுக்குப் பேரு அயர்னி இல்லாம வேற என்னவாம்? இதோ, பெட்டி சூடாயிடுச்சு, ஒரே நிமிஷம். பத்தரைக்கு இன்டர்வியூன்னு நேத்தே சொன்னீங்க, மறக்கல. பாவம், மாடியில இருந்து பனியனோடயே எறங்கி வந்துட்டீங்க. அந்த ஸ்டூல்ல உக்காருங்க. துணி கெடக்கா? பரவால்ல, மேலயே உக்காருங்க, எல்லாம் தேய்க்கப் போறதுதானே.

எங்க விட்டேன்? ஆங், எம் பொண்ணு. எட்டாவது படிக்கிறா. அவ இங்கிலீஷ் டீச்சர் ஒரு மாசமா, கவிதைக்குள்ள இருக்கற ஒவ்வொண்ணுக்கும் பேரு சொல்லித் தர்றாங்களாம். அதுல இருந்து வீட்டுல வாயத் தொறக்க முடியல சார்! முந்தாநாள் அவங்கம்மா என்னை எழுப்பறா: "எருமை மாதிரி தூங்கறியே மனுஷா!" இவ பல்லு வெளக்கிக்கிட்டே சொல்றா, "அம்மா, இது சிமிலி." அவங்கம்மாவுக்கு வந்துச்சே கோவம்... "யோவ் எருமை, எந்திரிய்யா!" "இப்ப மெட்டஃபர்மா." 'மாதிரி' போட்டா ஒண்ணு, போடலன்னா இன்னொண்ணாம். எப்படிப் போட்டாலும் எருமை நான்தானே சார்!

"ஆயிரம் தடவ சொல்லிட்டேன்"னு ஊதிப் பெருசாக்கினா ஹைப்பர்போலி. என் கொறட்டைக்குக் கூட ஒரு பேரு இருக்கு, அது என் வாயிலயே நுழையல. "இன்னிக்கு நீ ஒதை வாங்கப் போற"ன்னா, பின்னால வர்றத முன்னாலயே சொல்றதாம், அதுக்கும் ஒரு பேரு. அவங்கம்மா சிரிச்சுட்டா, அப்புறம் எங்க ஒதைக்கறது?

இருங்க, இந்தக் கைமடிப்பு படிய மாட்டேங்குது... அயர்னி நடத்தின அன்னிக்குப் பார்த்து இவளுக்குக் காய்ச்சல். வீட்டுப்பாடத்த மட்டும் யாருகிட்டயோ கேட்டு எழுதிட்டு வந்தா. வீட்டுல நடந்த அயர்னிக்கு ஒரு உதாரணமாம். "அயர்னின்னா என்னப்பா?"ங்கறா. யாரப் பார்த்துக் கேக்கறா! இருபது வருஷமா துணி தேய்க்கறேன் சார்! உக்கார வச்சு, நான் சொல்லச் சொல்ல எழுத வச்சேன். மொதல்ல காலர், அப்புறம் தோள்பட்டை, அப்புறம் கை. பட்டன் மேல பெட்டிய ஏத்தாதே, சுத்திப் போ. ரெண்டு பக்கம்! "இது இல்லபோல இருக்குப்பா"ன்னு மொனகினா. "உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"ன்னு ஒரே அதட்டு.

கிளாஸ்ல அத எல்லாருக்கும் படிச்சுக் காட்டச் சொல்லியிருக்காங்க. பெஞ்சத் தட்டித் தட்டிச் சிரிச்சிருக்குதுங்க. எம் பொண்ணு சாப்பாட்டு டப்பாவத் தொறக்காமயே திருப்பிக் கொண்டாந்துட்டா சார். எனக்கு மனசே கேக்கல. டீச்சருக்கு ஃபோன் போட்டேன், "தப்பு என்னோடதும்மா, அவ மார்க்குல கை வைக்காதீங்க"ன்னேன். நல்ல மாதிரி. "நாளைக்குப் பதினோரு மணிக்கு நீங்களே வாங்க. சரியான உதாரணம் ஒண்ணு சொல்லுங்க, முழு மார்க்கும் போடறேன்"னாங்க. எது நடக்கணுமோ அதுக்கு நேர்மாறா, அதுவும் நடக்கவே கூடாத எடத்துல நடந்தா, அதான் அயர்னியாம்.

நேத்துல இருந்து மண்டைய ஒடைச்சுக்கறேன், ஒரு மண்ணும் தோணல. இவ காலையில கெளம்பறப்ப ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா: "அப்பா, கசங்கின சட்டையோட மட்டும் வந்துடாதே." அதான் சார், இந்தக் காலர இந்த அழுத்து அழுத்தறேன்...

என்ன சார்? உங்க சட்டையில கோடு கெடையாதா? ஐயோ, இது என்னோடது சார்! உங்களுது அதோ, நீங்க உக்காந்திருக்கீங்களே, அதுக்கடியில. மணி என்ன? பத்து இருபதா! சார், அப்படியே மாட்டாதீங்க, ரெண்டே நிமிஷம்... சார்! அட, ஓடறாரே! முதுகப் பாரு, அப்பளம் நொறுங்கின மாதிரி. அயர்ன் கடைக்கு வந்து, தன் சட்டை மேல தானே உக்காந்து, கசக்கி மாட்டிக்கிட்டு...

அட. அடடடா! இதானா அது?

சார்! கெடச்சிடுச்சு சார்! எம் பொண்ணுக்கு முழு மார்க்கு! கவலப்படாதீங்க, டீச்சர்கிட்ட உங்க பேரச் சொல்ல மாட்டேன், மாடி வீட்டுக்காரர்னு மட்டும் சொல்றேன்!