பம்பாயிலிருந்து வேணு எழுதுவது

மழைக்காலத்தில் பழைய பேப்பர் விலை இறங்கிவிடும், சார். ஈரம் ஏறிய காகிதத்தை யாரும் எடைக்கு எடுக்க மாட்டார்கள். அதனால் ஐப்பசியும் கார்த்திகையும் எனக்குப் படிக்கிற மாதங்கள்.

ஏட்டு சக்கரபாணி நாலு தாள் கொடுத்து, "நடந்தத நடந்த மாதிரி எழுதுயா. கத எழுதாத" என்றார். முயன்று பார்க்கிறேன்.

என் பெயர் இசக்கிமுத்து. சொந்த ஊர் தெற்கே வேம்பார், கடற்கரை. 1971இல் திருவண்ணாமலைக்கு வந்து, தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய பேப்பர் கடை வைத்தேன். பள்ளிக்கூடத்தில் படித்தது ஆறாம் வகுப்பு வரை. மிச்சத்தைக் கடையில் படித்தேன். போகிக்கு முந்தின வாரம் வீடுகளில் ஒட்டடை அடித்து வாரப் பத்திரிகைகளைக் கட்டுக் கட்டாகப் போடுவார்கள். தை, மாசி முழுக்கத் தொடர்கதைகள். சித்திரையில் பள்ளிக்கூட நோட்டுகள் வந்து குவியும். அப்போது வேறு வழியில்லை, பசுவைப் பற்றிய கட்டுரையை ஐந்நூறு பிள்ளைகள் எழுதியபடி படித்திருக்கிறேன். ஆடியில் வியாபாரம் மந்தம், எழுதுவேன்.

தொடர்கதைகள் முழுசாக வராது. ஏழாம் வாரம் இருக்கும், எட்டும் ஒன்பதும் எந்த வீட்டு அடுப்பிலோ போயிருக்கும். இல்லாத வாரங்களை நானே எழுதிச் சேர்த்துக்கொண்டு மேலே படிப்பேன். எனக்கு எழுத்துப் பயிற்சி அதுதான். பத்திரிகைகளுக்கு நாற்பத்தொரு கதை அனுப்பினேன். நாற்பத்தொன்றும் திரும்பின. தபால்காரர் என் பெயருக்குக் கொண்டுவந்தவை அவை மட்டுமே. ஊரிலிருந்து யாரும் எழுதுவதில்லை.

எங்கள் சந்தில் வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. எல்லோருக்கும் என் கடை விலாசம்தான். படிக்கத் தெரியாதவர்களுக்கு நானே வாசித்துக் காட்டி, பதிலும் எழுதிப் போடுவேன். அதற்கு ஒரு பைசா வாங்கியதில்லை, விசாரித்துக்கொள்ளுங்கள்.

பச்சையம்மாள் கடலைக்காய் மண்டியில் கடலை உடைக்கிறவள். பிள்ளை இல்லை. புருஷன் வேணு 1976இல் பம்பாய்க்குக் கட்டட வேலைக்குப் போனான். மாதம் இரண்டு கடிதம் போடுவான். நல்ல மனிதன், ஆனால் எழுத்து வராது. 'நலம். நலமறிய ஆவல். இங்கே மழை. வேறு விசேஷம் இல்லை.' பதினைந்து நாள் காத்திருந்து வந்து எதிரில் நிற்கிறவளிடம் இதை எப்படி வாசிப்பது? மழைக்குப் பிறகு ஒரே ஒரு வரி சேர்த்தேன். 'மழை வந்தால் நீ முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடுவது ஞாபகம் வருகிறது.'

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அய்ய, அப்படியா எழுதிகிறாரு? இன்னொரு தபா வாசிங்கணா."

நாற்பத்தொரு கதையில் ஒன்றுக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அடுத்த கடிதத்துக்குப் பக்கத்து வீட்டு சரசுவையும் கூட்டிவந்தாள். ஆறு மாதத்தில் ஒன்பது பெண்கள் ஆனார்கள். மண்டியிலிருந்து கடலைத் தூசியோடு நேராக வந்து, பேப்பர் கட்டுகளின் மேல் உட்கார்ந்துகொள்வார்கள்.

"எங்கூட்டுக்காரு பக்கத்துலயே குந்திகினு கீறாரு, ஒரு வார்த்த வர்ல" என்பாள் சரசு. "உன் ஆளு பம்பாயில இருந்துகினு இன்னாமா பேசுது பாருடி."

"ஒனக்கு வவுத்தெரிச்சல்டி" என்பாள் பச்சையம்மாள், முகம் சிவந்து.

நான் பம்பாயைப் பார்த்ததில்லை. வேம்பார் கடலைத் தூக்கி அங்கே வைத்தேன். வேணுவுக்குப் பொறாமை பிடித்த ஒரு மேஸ்திரியை ஏற்பாடு செய்தேன். ஒவ்வொரு கடிதத்தையும் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். 1978 ஆனியில், மேஸ்திரி வேணுவை ஏழாவது மாடிச் சாரத்தில் ஏற்றிவிட்டான். சாரத்தின் கயிறு இற்றுப்போனது என்று மேஸ்திரிக்குத் தெரியும், வேணுவுக்குத் தெரியாது. அங்கே நிறுத்தினேன். சரசு வேணுவுக்காக மலையைச் சுற்றிவந்து வேண்டிக்கொண்டாள்.

அடுத்து வந்த உண்மையான கடிதத்தில், தான் ஆஸ்பத்திரியில் கிடப்பதாகவும் பச்சையம்மாள் உடனே வர வேண்டும் என்றும் வேணு எழுதியிருந்தான்.

நீங்களே யோசித்துப் பாருங்கள் சார். சாரத்தின் மேல் நிற்கிறவனைத் திடீரென்று மஞ்சள் காமாலையில் படுக்கப் போட்டால் யார் ஏற்பார்கள்? ஒன்பது பேரும் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சாரம் சரிந்தது, கீழே நின்ற மேஸ்திரியை வேணு பாய்ந்து காப்பாற்றினான், மேஸ்திரி அழுதுகொண்டே தன் வேலையை அவனுக்கே கொடுத்தான் என்று வாசித்தேன். சரசு ஓடிப்போய் வெல்லம் வாங்கிவந்து எல்லோருக்கும் கிள்ளிக் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள்.

அதன் பிறகும் வேணு பதினெட்டு நாள் உயிரோடு இருந்தான். அரக்கோணத்தில் ரயில் ஏறியிருந்தால் மூன்றாம் நாள் அவள் போய்ச் சேர்ந்திருக்கலாம். இன்னும் இரண்டு கடிதம் போட்டான். ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தான். அந்த இரண்டிலும் பம்பாய்க் கடலை வர்ணித்தேன். பிறகு கூட வேலை செய்த ராஜேந்திரன் தந்தி அடித்தான், வேணு இறந்துவிட்டான் என்று. பெண்கள் மண்டியில் இருந்த நேரம். தபாலாபீசுக்குப் போய், பச்சையம்மாள் பெயரில் பதில் தந்தி கொடுத்தேன்: 'வர இயலாது. நீங்களே முடித்துவிடவும்.' நான் வளவளவென்று எழுதுகிறவன் என்று பத்திரிகைக்காரர்கள் சொன்னது தப்பு என்பதற்கு அதுவே சாட்சி.

பிறகாவது சொல்லியிருக்கலாமே என்று நேற்றுக் கேட்டீர்கள். சொல்வதாகத்தான் இருந்தேன். தீபாவளி வந்தது. தீபாவளிக்குச் சாவுக் கதை எந்தப் பத்திரிகையும் போடாது. பொங்கலுக்கும் அப்படியே. சித்திரை வெயிலில் அவள் இளைத்திருந்தாள், மனசு வரவில்லை. ஆடியில் கதை நல்ல கட்டத்தில் இருந்தது. இப்படியே நாலு வருஷம்.

பணம் ஏன் வருவதில்லை என்பதற்கும் காரணம் வைத்தேன். கம்பெனி வீடு கொடுக்கப் போகிறது, சம்பளத்தில் பிடிக்கிறார்கள். வீட்டுக்கு என்று அவள் மண்டியில் கூடுதலாக இரண்டு மூட்டை உடைத்தாள். வாசிக்கக் கையில் ஒரு காகிதம் வேண்டுமே. கட்டுகளில் கிடந்த, யாரோ எழுதிய பழைய இன்லண்ட் கடிதத்தை எடுத்து வைத்துக்கொள்வேன். வாசித்ததும் அதை வாங்கித் தகரப் பெட்டியில் பூட்டுவாள். யாரையும் தொட விடமாட்டாள். நீங்கள் பிரித்துப் பார்த்தீர்கள், ஒன்று கீழ்பென்னாத்தூரில் யாரோ உழவு மாட்டுக்கு விலை கேட்டு எழுதியது. அதைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியிருக்கிறாள். காகிதம்தான் மாடு கேட்டவனுடையது. விஷயம் என்னுடையது.

இந்த வருஷம் தீபத்தன்று மத்தியானம், போளூர்ப் பக்கம் சொந்த ஊருக்கு வந்திருந்த ராஜேந்திரன் விலாசம் விசாரித்துக்கொண்டு என் கடைக்கே வந்துவிட்டான். பெண்கள் புதுச் சேலை கட்டி மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பச்சையம்மாள் யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"நீ பொம்பளையா? புருஷன் செத்துட்டான்னு தந்தி குடுத்தா, வர முடியாது, நீங்களே முடிச்சுடுங்கன்ற. நான் வெச்சேன் கொள்ளி. நீ பூ வெச்சிகினு தீபம் பாக்கப் போறியா?"

சரசு அவன் மேல் பாய்ந்தாள். "யோவ், வாய அலம்புயா. போன வெள்ளிக்கெழம கூட அண்ண லெட்டர் போட்டுகிறாரு. மாடி ஊடு பாத்துட்டாராம்."

ராஜேந்திரன் அவளைக் கவனிக்கவே இல்லை. "கடேசி மூணு நாளு வாசலையே பாத்துகினு கெடந்தாம்மா. எழுதனனே, வர்லியே, எழுதனனே, வர்லியேன்னு."

பச்சையம்மாள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீங்க சொல்லுங்க."

ராஜேந்திரன் என்ற ஆளைக் கதையில் நான் எங்கேயும் கொண்டுவந்திருக்கவில்லை. அதனால் அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவளிடம் வேறு காகிதம் கொடுத்துவிட்டு, வேணுவின் கடைசி மூன்று கடிதங்களை நானே வைத்திருந்தேன், கிழிக்கவில்லை. இன்னொருவர் எழுத்தைக் கிழிக்கிற பழக்கம் எனக்கில்லை. எடுத்து அவளிடம் நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. "எனக்கு இன்னா தெரியும். வாசிங்க. அவுரு எழுதனத மட்டும் வாசிங்க."

வாசித்தேன். 'பச்சை, எனக்கு மஞ்சக் காமாலை. ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள். நீ வந்தால் எழுந்துவிடுவேன். பயமாக இருக்கிறது, சீக்கிரம் வா.'

சாயங்காலம் மலையில் தீபம் ஏற்றி ஊரே அரோகரா என்று எழும்பியபோதும் எங்கள் சந்தில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அழுதது அப்படி.

வேணு கூப்பிட்டதை மறைத்தது நான். பதில் தந்தி கொடுத்தது நான். செத்தவன் பெயரில் நூற்று நாலு கடிதம் வாசித்ததும் நான். கையெழுத்துப் போடத் தயார்.

ஒன்றுதான் சார் விளங்காமல் இருந்தது. நாலே வரி. ஒரு வர்ணனை கிடையாது. என் நூற்று நாலுக்கும் கண் கலங்கியவள்தான், ஆனால் இப்படி அழுததில்லை. லாக்கப்பில் உட்கார்ந்து இரண்டு நாள் யோசித்தேன். இப்போது புரிகிறது. அன்றைக்கு என் வாசிப்பு அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது.